650 ட்வினுக்கு நீண்ட தூர சீட்: ரெடிமேடா, குஷன் கடையா, ஏர் சீட்டா?

திருச்சி_ட்வின்:

வணக்கம் நண்பர்களே. வண்டி 650 சிசி ட்வின், அதாவது இரட்டை சிலிண்டர் பைக். முன்னும் பின்னும் சேர்த்து ஒரே தட்டை சீட், தரையிலிருந்து 800 மி.மீ. சொச்சம் உயரம். நான் 172 செ.மீ., 78 கிலோ. ஊருக்குள் ஓட்டும்வரை ஒன்றும் தெரிவதில்லை. நான்கு வழிச்சாலையில் 120, 150 கி.மீ. தாண்டினால் உட்காரும் எலும்பு இரண்டிலும் எரிச்சல் தொடங்கிவிடுகிறது. கூடவே டேங்க் பக்கம் சறுக்கிச் சறுக்கிப் போவதால் அடிக்கடி எழுந்து பின்னால் தள்ளி உட்கார வேண்டியிருக்கிறது. மனைவிக்குப் பின்சீட்டில் வால் எலும்பு வலிக்கிறது.

டிசம்பரில் கோவா வரை போகத் திட்டம். ரெடிமேட் டூரிங் சீட் வாங்கலாமா, குஷன் கடையில் ஜெல் வைத்துத் தைக்கலாமா, மெமரி ஃபோமா, இல்லை மேலே கட்டும் ஏர் சீட் போதுமா? மெத்தென்று இருந்தால் எதுவானாலும் சரி.

நெடுவழி:

மெத்தென்று இருப்பதைத் தேடுவதை முதலில் விடுங்கள். கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் மெத்தென்ற சீட்தான் பிடிக்கும். இரண்டு மணி நேரத்தில் அந்த ஃபோம் முழுக்க அமுங்கி, எலும்புக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லாமல் போகும். எலும்பு புதையப் புதையச் சுற்றியிருக்கும் சதை மீதும் அழுத்தம் ஏறும், ரத்த ஓட்டம் குறையும். நீங்கள் சொல்கிற எரிச்சல் அதுதான். இப்போதைய சீட்டில் நீங்கள் உட்காரும் இடத்தில் ஒரு முழங்காலை ஊன்றி முழு எடையையும் கொடுத்துப் பாருங்கள். அடித்தட்டு முழங்காலில் தட்டினால் அங்கே ஃபோம் போதவில்லை என்று அர்த்தம்.

சீட் வாங்குவதற்கு முன் மூன்று அளவு எடுக்க வேண்டும். செலவில்லாத வேலை.

ஒன்று, உட்காரும் எலும்புகளின் இடைவெளி. டிவி, ஃபிரிட்ஜ் வந்த நெளி அட்டைப்பெட்டியில் ஒரு துண்டு வெட்டி மரப் பெஞ்சில் போட்டு, மெல்லிய துணியோடு அதன்மேல் உட்காருங்கள். கால்களை ஒரு செங்கல் உயரத்தில் வைத்து, சற்று முன்னால் சாய்ந்து ஒரு நிமிடம் இருங்கள். அட்டையில் இரண்டு குழி விழும். நடுவிலிருந்து நடுவுக்கு அளந்துகொள்ளுங்கள். ஆண்களுக்குப் பெரும்பாலும் 100லிருந்து 130 மி.மீ.க்குள் வரும், பெண்களுக்குக் கொஞ்சம் கூடும். அந்த இரண்டு புள்ளிக்கும் வெளிப்புறம் தலா 50 மி.மீ.யாவது சீட் சமமாக நீள வேண்டும். அதற்குள்ளேயே ஓரம் கீழே வளைந்தால் எலும்பு சரிவில் நிற்கும். எவ்வளவு நல்ல ஃபோம் போட்டாலும் அது வலிக்கும்.

இரண்டு, சீட்டின் சாய்வு. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு அளக்காதீர்கள், பின்சக்கரம் தூக்கி நிற்பதால் கோணம் மாறிவிடும். இரண்டு சக்கரமும் தரையில் இருக்க, ஒருவர் வண்டியை நிமிர்த்திப் பிடிக்க, உங்கள் எடையுள்ள ஒருவர் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்காரட்டும். நீங்கள் உட்காரும் இடத்தில் ஒரு நேரான பட்டைக்கட்டை வைத்து அதன்மேல் ரசமட்டமோ, மொபைலில் இருக்கும் லெவல் ஆப்போ வையுங்கள். முன்பக்கம் 3, 4 டிகிரி இறங்கினாலே போதும், ஒவ்வொரு பிரேக்கிலும் ஆள் டேங்க் பக்கம் போவார். அந்த நிலையில்தான் இரண்டு தொடைக்கும் நடுவில் மரத்துப்போவதும் நடக்கும்.

மூன்று, பின் சஸ்பென்ஷன். பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, அச்சிலிருந்து மேலே ஒரு நிலையான புள்ளிவரை அளவெடுங்கள். பிறகு ஜாக்கெட், ஹெல்மெட், பையோடு உட்கார்ந்து மறுபடி அளந்து பாருங்கள். வித்தியாசம் சஸ்பென்ஷனின் மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்க வேண்டும். உங்கள் ரக வண்டியில் ஓட்டம் 90 மி.மீ.க்குள்தான், எனவே 25லிருந்து 30 மி.மீ. போதும். அதைவிடக் குறைவு என்றால் பிரீலோடை (ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கத்தை) ஒரு படி இறக்குங்கள். ஸ்பிரிங் வாங்க வேண்டிய அடியை சீட் வாங்கிக்கொண்டிருக்கிறது. கூடுதல் என்றால் ஒரு படி ஏற்றுங்கள். பின்பக்கம் ஏற ஏற சீட் மூக்கு இறங்கும், ஆகவே சாய்வை இதற்கு அப்புறம் இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

அளவுகளைப் போடுங்கள், அப்புறம் எது வாங்குவது என்று பேசலாம்.

குஷன்_மதுரை:

தம்பி, அண்ணன் சொன்னது சரி. நான் கடைப்பக்கமிருந்து சொல்றேன்.

ஃபோம்ல டென்சிட்டி வேற, கெட்டித்தன்மை வேற. 40 டென்சிட்டின்னா ஒரு கன மீட்டர் 40 கிலோ எடைன்னு கணக்கு, அவ்வளவுதான். எவ்வளவு நாள் உழைக்கும்ங்கிறதை அது சொல்லும், எவ்வளவு அமுங்கும்ங்கிறதை சொல்லாது. கடையில 40னு சொல்லி 32 கொடுத்தா எப்படி கண்டுபிடிக்கிறது? 30 செ.மீ.க்கு 30 செ.மீ., 25 மி.மீ. கனத்துல ஒரு துண்டு வாங்கி சமையல்கட்டு தராசுல வைங்க. 40 டென்சிட்டின்னா 90 கிராம் காட்டணும். 32ன்னா 72 கிராம்தான் வரும். 100 டென்சிட்டி ரீபாண்டட்னா (ஃபோம் துண்டுகளை அழுத்தி ஒட்டினது) 225 கிராம்.

உங்க எடைக்கு அடுக்கு இப்படி வரணும். கம்பெனி ஃபோமை உட்கார்ற இடத்துல 25 மி.மீ. சீவி எடுங்க. அந்தப் பள்ளத்துல 20 மி.மீ. ரீபாண்டட், 100 டென்சிட்டி. இதுதான் தாங்குற தரை. அதுக்கு மேல 20 மி.மீ. ஹெச்.ஆர். ஃபோம் (அமுக்கி விட்டா சட்டுனு எழும்புறது), 40 டென்சிட்டிக்குக் குறையாம. கடைசியா முழு சீட்டுக்கும் 6லேர்ந்து 8 மி.மீ. மெல்லிசான சாஃப்ட் ஃபோம். இது சொகுசுக்கு இல்ல, கீழே இருக்கிற ஒட்டு விளிம்பு கவர்ல தெரியாம மறைக்க. கூட்டிக் கழிச்சா 20 மி.மீ.க்கு மேல கொஞ்சம் உயரும், உட்கார்ந்தா அதுல பாதி இறங்கிடும்.

மெமரி ஃபோம் சூட்டுக்கு இளகும், குளிருக்கு இறுகும். மே மாச வெயில்ல நிறுத்தின வண்டியில அது குழைஞ்சு அடியில போய் உட்காரும். கொடைக்கானல் காலையில பலகை மாதிரி இருக்கும். ஆசைப்பட்டா மேல 10 மி.மீ., அதுக்கு மேல வேண்டாம். 50 மி.மீ. மெமரி ஃபோம் போட்டுத் தர்றேன்னு யார் சொன்னாலும் எழுந்து வந்துடுங்க.

ஜெல் பத்தி. ஜெல் சுருங்காது, பக்கவாட்டுல நகரத்தான் செய்யும். அது நகர இடமில்லாம கவருக்கு அடியில இறுக்கித் தைச்சா வெறும் ரப்பர்தான். நேரா கவருக்குக் கீழே வைச்சா வெயில் சூட்டை வாங்கி வைச்சுக்கிட்டு அரை மணி நேரம் உங்களுக்குத் திருப்பிக் கொடுக்கும். வைக்கணும்னா 10லேர்ந்து 12 மி.மீ. கனம், ஃபோம்ல அதே ஆழத்துக்கு குழி வெட்டி உள்ள இறக்கி, மேல 8, 10 மி.மீ. ஃபோம் மூடணும். சீட்ல கிர்ர்ன்னு வர்ற அதிர்வைக் குறைக்க ஜெல் கெட்டிக்காரன். எலும்பு எரிச்சலுக்கு முதல் மருந்து அது இல்ல. இன்னொண்ணு, கெட்டி ஜெல் ஷீட்டைத்தான் வெட்டி வைக்கலாம், பாக்கெட்ல அடைச்சு வர்றதை வெட்டினா ஒழுகிடும்.

கோவை_டூரர்:

மாஸ்டர் சொன்ன அடுக்கில் எனக்கு மறுப்பில்லை. கம்பெனி சீட்டை வெட்டுவதில்தான் மறுப்பு. ஒருமுறை சீவினால் திரும்ப வராது. அளவு தப்பினால் புது சீட் விலை. சீட் மாற்றியவர்கள் கழற்றிப் போட்ட பழைய சீட் உங்கள் மாடலுக்கு எளிதாகக் கிடைக்கும். அதை வாங்கி அதில் வேலை செய்யுங்கள், ஒரிஜினல் பத்திரமாக வீட்டில் இருக்கட்டும்.

ரெடிமேட் சீட் வாங்கினால் மேலே தடவிப் பார்ப்பதைவிடக் கவிழ்த்துப் பார்ப்பது முக்கியம். முன் நாக்கு, பின் பூட்டுக் கம்பி, அடியில் இருக்கும் ரப்பர் புஷ் எல்லாம் ஒரிஜினலோடு இடம் பொருந்த வேண்டும். ரப்பர் புஷ் ஒன்று குறைந்தாலும் எடை ஓரிடத்தில் விழுந்து அடித்தட்டு விரிசல் விடும், அதிர்வும் நேராக மேலே வரும். பூட்டு "டக்" என்று விழவில்லை என்றால் அடித்து உட்கார வைக்காதீர்கள். சீட்டுக்கு அடியில் ஃபியூஸ், ஒயரிங் எல்லாம் இருக்கிறது. நசுங்கினால் நடுரோட்டில்தான் தெரியும்.

வெளிநாட்டு சீட்டுகளைப் பற்றிப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்பின் சீட்டைத் தொட்டதும் கல் மாதிரி இருக்கிறது என்று புகார் சொல்வார்கள். அது கெட்டி ஃபோமில் வேண்டுமென்றே செய்தது, பழகவும் நாளாகும். ரஸ்ஸல் டே-லாங் சீட்டில் இரண்டு பக்கமும் இறக்கை போல அகலம் விட்டிருப்பார்கள். எடையைத் தொடைவரை பரப்புகிற யோசனை. சீட் கான்செப்ட்ஸ் ஃபோமும் கவரும் மட்டும் தருவதும் உண்டு, உங்கள் அடித்தட்டில் நீங்களே பொருத்திக்கொள்ளலாம். மூன்றிலும் பொதுவாக இருப்பது கெட்டித்தன்மையும் அகலமும்தான். அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்த்துப் பார்த்தால் நம் ஊரில் நல்ல குஷன் மாஸ்டரிடம் அதே வடிவத்தைச் செய்துகொள்வது எவ்வளவோ மேல்.

டிசம்பருக்குள் வேலை முடியாது என்றால் ஏர் சீட் வாங்குங்கள். ஆனால் பலர் அதைப் பந்து மாதிரி ஊதி வைத்துவிட்டு வளைவில் வண்டி ஆடுகிறது என்கிறார்கள். முதலில் நிறைய ஊதி, வண்டிமேல் உட்கார்ந்து, வால்வைத் திறந்து காற்றை மெதுவாக விடுங்கள். எலும்பு கீழ்சீட்டைத் தொடுவதற்கு அரை அங்குலம் இருக்கையில் மூடிவிட வேண்டும். கைக்குத் தொளதொளவென்று இருக்கும், அதுதான் சரியான அளவு. மேட்டுப்பாளையத்தில் சரியாக வைத்த காற்று 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்குப் போனதும் விறைக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே குறைவு. ஏறினதும் கொஞ்சம் விடுங்கள், இறங்கினதும் கொஞ்சம் ஊதுங்கள்.

லாரி டிரைவர்கள் போடும் மணி கவரையும் ஒதுக்காதீர்கள். 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது 1,600 கி.மீ.க்கு மேல் ஓட்டும் அயர்ன் பட் சவாரிக்காரர்களும் அதைப் போடுகிறார்கள். காற்று அடியில் ஓடுவதால் வியர்வைப் புண் வராது. நைலான் கயிற்றில் கோத்ததாக வாங்கி, உட்காரும் இடத்துக்கு மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். தொடை உரசும் ஓரத்தில் மணி வரக்கூடாது. அடியில் ஒரு துணி போடாவிட்டால் ரெக்சினைத் தேய்த்துவிடும்.

திருச்சி_ட்வின்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அளந்துவிட்டேன். அட்டையில் 118 மி.மீ. சாய்வு 4 டிகிரி முன்னால் இறங்குகிறது. உட்கார்ந்தால் பின்பக்கம் 18 மி.மீ.தான் இறங்குகிறது, பிரீலோடு மூன்றாவது படியில் இருக்கிறது. பழைய சீட் ஒன்று வாங்கி மாஸ்டர் சொன்ன மாதிரி செய்யப் போகிறேன்.

மூன்று சந்தேகம். சறுக்காமல் இருக்க நடுவில் பள்ளமாக வெட்டலாமா? உயரம் 20 மி.மீ. கூடினால் கால் எட்டுமா? மழையில் தையல் வழியாகத் தண்ணீர் இறங்காமல் இருக்க என்ன வழி?

நெடுவழி:

முதலில் பிரீலோடை ஒரு படி இறக்கி மறுபடி அளங்கள். பின்பக்கம் இன்னும் இறங்கினால் 4 டிகிரியில் கொஞ்சம் அங்கேயே சரியாகும்.

பள்ளம் வேண்டாம். ஆழமான குழி ஒரே இடத்தில் பூட்டி வைத்துவிடும். நீண்ட தூரத்தில் உடம்பு பிழைப்பதே அரை அங்குலம் முன்னே பின்னே நகர்வதால்தான். உட்காரும் பகுதியை 200லிருந்து 250 மி.மீ. நீளத்துக்கு மட்டமாக ஆக்குங்கள். முன்பக்கம் கீழே போகாமல் 1 டிகிரி ஏறினால்கூட நல்லது. 2 டிகிரிக்கு மேல் ஏற்றினால் இடுப்பு பின்னால் சுருண்டு முதுகு வளையும், வலி இடம் மாறும், அவ்வளவுதான்.

கால் எட்டுவதை உயரம் மட்டும் தீர்மானிப்பதில்லை, முன்பக்க அகலமும் தீர்மானிக்கிறது. அகன்ற சீட் தொடையை வெளியே தள்ளும். 805 மி.மீ. குறுகிய சீட்டில் பாதம் ஊன்றுகிறவர், அதைவிடத் தாழ்ந்த அகல சீட்டில் நுனிக்காலில் நிற்கலாம். ஆகவே உட்காரும் இடத்தில் அகலம், டேங்கை ஒட்டி மூக்கில் ஒல்லி. மூக்கின் இரண்டு ஓரத்தையும் சரிவாகச் சீவி எடுத்தால் கூடின 20 மி.மீ.யில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்துவிடும். அந்த ஓரத்தில் பைப்பிங் (தையலோடு வைக்கும் உருண்டை விளிம்பு) மட்டும் வைக்க விடாதீர்கள். நிறுத்தி நிறுத்திப் போகிற இடத்தில் உள்தொடையில் கோடு போடும்.

நெல்லை_பிசியோ:

பின்னால் உட்காருபவரின் வால் எலும்பு வலிக்கு ஃபோமை மட்டும் பார்க்காதீர்கள். பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் படி உயரமாக இருக்கும் வண்டிகளில் முழங்கால் இடுப்புக்கு மேலே போய்விடும். அப்போது இடுப்பு பின்னால் உருண்டு, எடை உட்காரும் எலும்பை விட்டு வால் எலும்பில் விழும். பின்சீட்டை 20, 25 மி.மீ. உயர்த்தினால் முழங்கால் கோணம் திறந்து இடுப்பு தானாக நிமிரும். அதோடு பின்பாதியின் நடுவில் 40லிருந்து 50 மி.மீ. அகலத்தில், 10, 12 மி.மீ. ஆழத்தில் ஒரு வாய்க்கால் விட்டு, அதை மிக மென்மையான ஃபோமால் மட்டும் நிரப்பச் சொல்லுங்கள். வெறும் ஓட்டையாக விட்டால் அதன் விளிம்பு குத்தும்.

டாப் பாக்ஸில் முதுகுப் பட்டை வைத்தால் சாய்ந்து தூங்க அல்ல, இடுப்பு பின்னால் சரியாமல் தாங்க. கைப்பிடியைக் கழற்றிவிடாதீர்கள், பின்னால் உட்காருபவருக்கு நிலையான கைப்பிடி இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. பிரேக்கில் முன்னால் சரியாமல் இருக்கவும் அதுதான் உதவி.

உங்களுக்கு: ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். உள்ளாடையில் தடித்த தையல் எலும்புக்கு நேரே வரக்கூடாது, ஜீன்ஸிலும் அப்படியே. மரப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ, வண்டியை விட்டு இறங்கி வெகுநேரம் ஆகியும் போகவில்லை என்றாலோ சீட் மாற்றிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

குஷன்_மதுரை:

மழைக்கு வர்றேன். ஃபோம் தண்ணியைக் குடிச்சுதுன்னா ரெண்டு நாள் காயாது, ஓட்டும்போது கொஞ்சம் கொஞ்சமா உங்க பேன்ட்டுக்கு வரும். உட்கார்ற இடத்துல தையலே வராத மாதிரி டிசைன் போடச் சொல்லுங்க. மேல ஒரே துண்டு, பக்கத்துல சுற்றுத் துண்டு, தையல் ஓரத்துல மட்டும். பாலியெஸ்டர் நூல்தான், பருத்தி நூல் மக்கிடும். தையல் ஒண்ணொண்ணும் 4 மி.மீ. நீளம் இருக்கணும். நெருக்கித் தைச்சா உறுதின்னு நினைப்பாங்க, ரெக்சின்ல அது தபால்தலை ஓரம் மாதிரி வரிசையா ஓட்டை போட்டு அங்கேயே கிழியும். தையலுக்கு உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் டேப் ஒட்டணும். ஃபோமுக்கும் கவருக்கும் நடுவுல மெல்லிசு பாலிதீன் ஷீட் ஒண்ணு. அடித்தட்டுல இருக்கிற சின்ன ஓட்டையை அது மூடிடக்கூடாது, தப்பி வந்த தண்ணி அது வழியாத்தான் வெளியே போகணும். ஓட்டை ஓட்டையா வர்ற ரெக்சின் காத்துக்கு நல்லது, மழைக்கு ஆகாது. போறது டிசம்பர்னா எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

ஒட்டுறதுக்கு ஃபெவிகால் எஸ்.ஆர். மாதிரி ரப்பர் பசை. தச்சர் போடற வெள்ளை ஃபெவிகால் ஃபோம்ல வேலைக்கு ஆகாது, காய்ஞ்சா ஓடு மாதிரி இறுகும். ரெண்டு பக்கமும் மெல்லிசா தடவி, கையில ஒட்டாம பிசுபிசுன்னு வர்றவரைக்கும், 10 நிமிஷம் கிட்ட, விட்டுட்டு அழுத்துங்க. எலும்பு படற இடத்துல பசையைக் கொட்டாதீங்க, காய்ஞ்ச பசை வரம்பு மாதிரி கீழேயிருந்து உறுத்தும். ஒரு நாள் முழுக்கக் காய விட்டுத்தான் கவர் போடணும்.

வடிவம் கொண்டுவர ஆக்ஸா பிளேடால சீவிட்டு, கிரைண்டர்ல 40 நம்பர் உப்புத்தாள் டிஸ்க் போட்டு லேசா தொட்டுத் தொட்டு எடுங்க. அழுத்தினா ஃபோம் பிய்ஞ்சு பள்ளம் விழும். பிளாஸ்டிக் அடித்தட்டுன்னா 6 மி.மீ. கால் உள்ள ஸ்டேப்ளர் பின் போதும், அதைவிட நீளமானா தட்டைத் தாண்டி ஃபோமுக்குள்ள நுழையும். துருப்பிடிக்காத பின் கேளுங்க. கவரைக் கொஞ்ச நேரம் வெயில்ல காட்டி இளக்கிட்டு முதல்ல மூக்குல ஒண்ணு, வாலுல ஒண்ணு, அப்புறம் ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி நடுவுலேர்ந்து ஓரத்துக்கு அடிச்சுக்கிட்டே போகணும். ஒரு பக்கம் முழுசா முடிச்சுட்டு மறுபக்கம் வந்தா கவர் கோணிக்கும்.

கவர் தைக்கக் கொடுக்குறதுக்கு முன்னாடி ஃபோம் மேல பாலிதீன் சுத்தி, பழைய பனியன் துணியைப் போர்த்தி இறுக்கக் கட்டி 50, 60 கி.மீ. ஓட்டிட்டு வாங்க. எங்க உறுத்துதோ அங்க சாக்பீஸால வட்டம் போடுங்க, அந்த வட்டத்துல 3, 4 மி.மீ. மட்டும் உப்புத்தாள் காட்டிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்க. வீட்டுக்காரங்களையும் உட்கார வைச்சு அவங்க இடத்துலயும் வட்டம் போடச் சொல்லுங்க. ரெண்டு பேருக்கும் வட்டம் விழாத அன்னைக்கு தையலுக்குக் கொடுங்க.